பரப்புக்கு நாலாயிரம் லீற்றர்: யாழ்ப்பாணத் தக்காளித் தோட்டத்தின் தண்ணீர்க் கணக்கு

சுன்னாகத்திலோ உரும்பிராயிலோ கிணற்றுத் தண்ணீரை ஒரு கேத்தலில் இரண்டு கிழமை கொதிக்கவைத்தால் உட்பக்கம் வெள்ளையாகப் படை கட்டிவிடும். சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர் அது. கல்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. அதே தண்ணீரில் வளர்கிற தக்காளியில், காய் எலுமிச்சங்காய் அளவுக்கு வரும்போது அடிப்பக்கத்தில் நீர் ஊறினாற்போல ஒரு புள்ளி விழுகிறது. நாலைந்து நாளில் அது கறுத்து, உள்வாங்கி, தோல் போலத் தடித்துவிடுகிறது. கடையில் கேட்டால் "கல்சியம் காணாது" என்று ஒரு போத்தலை எடுத்துத் தருவார்கள். காயில் கல்சியம் காணாது என்பது உண்மை. மண்ணில் காணாது என்பதுதான் பிழை.

கல்சியம் செடிக்குள் தன்பாட்டில் நகராது. வேர் உறிஞ்சும் தண்ணீரோடுதான் மேலே போகும். வெயிலில் நீரை ஆவியாக விடுவது இலை. காய் விடுவது மிகக் குறைவு. ஆகவே தண்ணீரின் பெரும்பங்கு இலைக்கே போகிறது. மண் இரண்டு நாள் காய்ந்துவிட்டால், ஏறிவரும் கொஞ்சத்தையும் இலைகள் இழுத்துக்கொள்ளும். காம்பிலிருந்து ஆகத் தள்ளியிருக்கிற காயின் அடிக்குக் கல்சியம் எட்டாது. அந்த இரண்டு நாளில் உருவான கலங்களின் சுவர் உறுதியில்லாமல் உடைகிறது. பிறகு எவ்வளவு இறைத்தாலும் அந்தக் காய் திரும்பாது. யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்டு இலையைக் கொழுக்க வைத்த தோட்டத்தில் இது இன்னும் கூடுதலாக வரும். காய்ந்த மண்ணுக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் நடப்பது இதற்கு மறுபக்கம்: சதை வீங்கும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல் பழம் வெடிக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். செடிக்கு மொத்தத்தில் எவ்வளவு கிடைத்தது என்பதைவிட, எத்தனை நாள் இடைவெளியில் கிடைத்தது என்பதே தக்காளியின் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

வலிகாமத்துச் செம்மண் தண்ணீரை வேகமாகக் குடிக்கும்; ஆனால் பிடித்துவைக்காது. ஒரு மீற்றர் ஆழ மண்ணில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் 100 மில்லிமீற்றர் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். தக்காளியின் வேர் இன்னும் ஆழம் போகக்கூடியதுதான். என்றாலும் அடிக்கடி இறைக்கிற தோட்டத்தில் உறிஞ்சும் வேரின் பெரும்பகுதி மேல் 40 சென்ரிமீற்றரில் நிற்கும். அந்த ஆழத்துக்குள் இருப்பது 40 மில்லிமீற்றர். அதில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்ததும் தக்காளி வாட்டத்தை உணரத் தொடங்கும். ஆக, ஓர் இறைப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் செலவழிக்கக் கூடியது 16 மில்லிமீற்றர். காய் பிடிக்கும் பருவத்தில் மாசி, பங்குனி வெயிலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் போகும். மூன்று நாளுக்கு ஒருமுறை இறைக்கவேண்டும் என்ற வழக்கம் இந்தக் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. வடமராட்சி கிழக்குப் போன்ற மணல் நிலத்தில் இந்த 16 என்பது 10 ஆகும். அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள்.

இடைவெளியில் நமது தோட்டக்காரர் பிழை விடுவது குறைவு. பிழை வருவது அளவில். ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 16 மில்லிமீற்றர் என்றால் பரப்புக்கு 4,000 லீற்றர். இரண்டு அங்குல இறைப்பு மெசினின் பெட்டியில் நிமிடத்துக்கு 500, 600 லீற்றர் என்று போட்டிருக்கலாம். கிணற்றின் ஆழமும் குழாயின் நீளமும் சேர, கைக்கு வருவது பெரும்பாலும் அதைவிட நன்றாகக் குறைவு. எவ்வளவு என்று அறிய ஒரு 200 லீற்றர்ப் பரலும் கைத்தொலைபேசியும் போதும். குழாயின் வாயைப் பரலுக்குள் விட்டு, நிரம்ப எடுக்கும் செக்கனைப் பாருங்கள். 35 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 340 லீற்றர். 4,000 லீற்றருக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். அரை மணி நேரம் ஓடவிட்டால் 10,000 லீற்றருக்கு மேலே போய், மண் பிடிக்கக்கூடியதைப் போல இரண்டரை மடங்கு விழுந்திருக்கும். பரலை வைத்து ஒருமுறையாவது அளக்காமல் தோட்டத்தில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்றே சொல்லவேண்டும்.

இதற்கு வழக்கமாக வரும் பதில்: "மிஞ்சின தண்ணி எங்க போகும், திரும்பக் கிணத்துக்குத்தானே?" பாதி உண்மை. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை விழும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது. அதைத்தான் ஆண்டு முழுதும் இறைக்கிறோம். வேரைத் தாண்டிய தண்ணீர் அந்தக் கல்லுக்குள்தான் திரும்பப் போகிறது. ஆனால் வெறுங்கையோடு போவதில்லை. நேற்றுப் போட்ட யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறியதும் அதைச் சுமந்துகொண்டு போகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்தில் பல தோட்டக் கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை நீராய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறையும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது.

இதில் கமக்காரருக்கு நேரடியாக உதவும் ஒரு கணக்கும் உண்டு. கிணற்று நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்து, ஒரு போகத்துக்கு 400 மில்லிமீற்றர் இறைத்தால், பரப்புக்கு 1.1 கிலோவுக்கு மேற்பட்ட நைதரசன் தண்ணீரோடு வந்து சேர்கிறது. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ யூரியாவுக்குச் சமன். கிணற்றைப் பரிசோதித்துவிட்டு, விவசாயப் போதனாசிரியரோடு பேசி, மேற்கட்டுப் பசளையில் அந்தளவைக் குறைப்பது நியாயமான காரியம். பசளை போட்ட அன்று மட்டும் இறைப்பை மெல்லியதாக முடிக்கவேண்டும். பசளை கரைந்து 15 சென்ரிமீற்றர் இறங்கினால் போதும். அன்றைக்கு வெள்ளம்போலக் கட்டினால், காசு கொடுத்து வாங்கியதைக் கிணற்றுக்குள் கொட்டியதற்கும் அதற்கும் பேதமில்லை.

அளவுக்கு மிஞ்சி இறைக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் சவர், அதாவது நீரில் ஏறும் உப்பு. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பது எல்லோரும் அறிந்தது. குடாநாட்டின் கீழேயும் அதே அமைப்புத்தான்: கடல்நீரின்மேல் நன்னீர் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். மேலே ஓர் அடியை நிரந்தரமாக இழந்தால், கீழேயிருந்து உவர் நாற்பது அடி ஏற இடம் கிடைக்கிறது. துலா மிதித்த காலத்தில் பட்டை பிடிக்க ஒருவரும் தண்ணீர் மாற ஒருவரும் நின்றார்கள். மனிதரின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. மெசினுக்குக் களைப்பு இல்லை. எண்ணெயின் விலைதான் அதன் எல்லை; 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது அதை எல்லோரும் உணர்ந்தார்கள்.

இனி, பன்னிரண்டு நிமிடத் தண்ணீரை ஒரு பரப்பு முழுவதும் சமமாகப் பரப்புவது எப்படி? பெரிய பாத்தி கட்டி வெள்ளமாக விட்டால் முடியாது. வாய்ப்பக்கம் மிதமிஞ்சிக் குடித்த பிறகுதான் கடைசி மூலை நனையும். தக்காளிக்கு வரம்பும் சாலும் நல்லது. வரிசைக்கு வரிசை 80 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 50 சென்ரிமீற்றர். செடி வரம்பின் தோளில் நிற்கவேண்டும். தண்ணீர் சாலில் ஓடி, பக்கவாட்டில் ஊறி வேரை எட்டவேண்டும். தண்டின் அடி நனையக்கூடாது. செம்மண்ணில் சால் 10 மீற்றருக்கு மேல் நீளக்கூடாது. அப்படி ஒரு சாலுக்குரிய நிலம் 8 சதுர மீற்றர். அதற்கு வேண்டிய தண்ணீர் 130 லீற்றர்கூட இல்லை. மெசின் தருகிற முழுத் தண்ணீரையும் ஒரே சாலுக்குள் விட்டால் 23 செக்கனில் அளவு முடிந்துவிடும். அந்த வேகம் மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். மூன்று சாலுக்குப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். ஒன்றரை நிமிடத்திலும் தண்ணீர் கடைசியை எட்டவில்லை என்றால், சால் நீளம் கூடிவிட்டது அல்லது அடி மட்டமில்லை. நடுவில் ஒரு வாய்க்கால் எடுத்து இரண்டாகப் பிரிப்பதே வழி. இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்ப்பது வழியல்ல.

மண் வாய்க்கால் இருந்தால் மெசின் தொடங்கிய நேரத்தையும் கடைசி வரம்புக்குத் தண்ணீர் வந்த நேரத்தையும் குறித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் என்றால் 1,700 லீற்றர் வழியில் நிற்கிறது. அதில் பெரும்பகுதி செடிக்குக் கிடைக்காது. சீமெந்து வாய்க்கால் கட்ட வசதியில்லாவிட்டால், சுருட்டி வைக்கக்கூடிய தட்டைக் குழாயை இழுத்து நேரே சாலின் வாயில் விடுவது ஆகக் குறைந்த செலவில் ஆகக் கூடிய மிச்சம் தரும் மாற்றம்.

தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க ஒரு மெல்லிய இரும்புக்கம்பி போதும். இறைத்த மறுநாள் காலை, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கம்பியை உள்ளங்கையால் அழுத்துங்கள். நனைந்த மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். 30 முதல் 40 சென்ரிமீற்றரில் நின்றால் சரி. கை அழுத்தத்துக்கு அதற்கு மேலும் போய்க்கொண்டே இருந்தால் கூடிவிட்டது. அடுத்த இறைப்புக்கு நேரமா என்று அறிய, அதே இடத்தில் ஒரு சாண் ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து உருட்டுங்கள். உருண்டை திரண்டு, விரல் நுனியால் தட்டியதும் இரண்டு மூன்று துண்டாகப் பிளந்தால், இன்று அல்லது நாளை இறைக்கவேண்டும். தட்டினாலும் பிளக்காமல் விரலில் செம்மை ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. உருண்டையே திரளாமல் பொடிந்து விழுந்தால் பிந்திவிட்டது. மேல்மண் வெளிறிக் காய்ந்திருப்பதைப் பார்த்து மெசினைத் தூக்குவது ஏமாற்றும். வெயிலுக்கு மேல் இரண்டு அங்குலம் எப்போதும் காயும்.

பருவத்துக்குப் பருவம் கணக்கு மாறும். நாற்று நட்ட முதற்கிழமை வேர் ஒரு பிடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. சாலில் விட்டுப் பயனில்லை. பூவாளியால் அல்லது சிரட்டையால் காலையிலும் மாலையிலும் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றவேண்டும். வேர் பிடித்த பிறகு பூ வரும்வரை இடைவெளியை ஒருநாள் கூட்டலாம். அந்தச் சிறு வாட்டத்தில்தான் வேர் ஆழம் தேடிப் போகும். கார்த்திகையில் நட்டவர்களுக்கு இந்தக் கட்டத்தில் பிரச்சினை மழைதான்: வேர் ஒருநாளுக்கு மேல் மூழ்கினால் மூச்சு முட்டிவிடும். ஆகவே வடிவாய்க்கால் முதலே வெட்டியிருக்கவேண்டும். பூ வந்ததிலிருந்து காய் பருக்கும்வரை ஒரு தவணையும் தவறக்கூடாது. பூ உதிர்வதைக் கண்டு தண்ணீரைக் கூட்டுகிறவர்கள், இரவு வெப்பத்தையும் ஒருமுறை யோசிக்கவேண்டும். பங்குனிக்குப் பிந்திய புழுக்கமான இரவுகளில் எவ்வளவு சீராக இறைத்தாலும் பூ கொட்டும். அதற்கு மருந்து நடுகைக் காலத்தை முந்துவது. முதற்பழம் சிவந்த பிறகு அளவைக் கால்வாசி குறைக்கலாம். வெடிப்புக் குறையும், பழம் லொறியில் தாங்கும். இடைவெளியை மட்டும் நீட்டக்கூடாது.

தை மாதத்து அரிவுவெட்டு முடிந்து வைக்கோல் மலியும் நேரமும் தக்காளி பூக்கும் நேரமும் ஒன்றாக வருவது நமக்கு வாய்த்த நல்லகாலம். வரம்பின்மேல் நாலு விரல் தடிப்புக்குப் பரப்பினால், மேல்மண்ணிலிருந்து வீணே ஆவியாகும் நீர் மிஞ்சும். மூன்று நாள் இடைவெளி நாலு நாளாக நீளும். வைக்கோல் தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் விட்டுப் போடவேண்டும். செம்மண்ணில் கறையான் வரும். இறைப்பு ஒழுங்காக இருந்து வைக்கோல் ஈரமாகக் கிடந்தால் தொல்லை குறைவு. பனையோலையைக் கிழித்துப் போடுவதும் உதவும்.

சொட்டுநீர்ப் பாசனம் பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. தக்காளிக்கு அது பொருந்தும். ஆனால் குடாநாட்டில் போட்டவர்களில் பலர் இரண்டாம் போகத்தில் குழாயைச் சுருட்டி வைத்துவிடுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, மெசின் அளவுக்குப் பெரிது. பரப்புக்கு 630 செடி. செடிக்கொரு சொட்டி, மணிக்கு 2 லீற்றர். மொத்தம் மணிக்கு 1,260 லீற்றர், அதாவது நிமிடத்துக்கு 21 லீற்றர். அதற்கு 340 லீற்றர் தள்ளும் மெசினை நேரே பூட்டினால் மூட்டுகள் கழன்று பறக்கும். அரைக் குதிரைவலு மின்மோட்டர் போதும். பெரிய மெசின்தான் இருக்கிறது என்றால் மிச்சத் தண்ணீர் கிணற்றடித் தொட்டிக்குத் திரும்ப ஒரு கிளைக்குழாயும் வால்வும் வைக்கவேண்டும். இரண்டாவது, உயரத் தொட்டியை நம்புவது. சொட்டியில் எழுதியிருக்கும் 2 லீற்றர் என்பது 10 மீற்றர் உயர அமுக்கத்துக்கு. அமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஓட்டம் குறையும். 2 மீற்றர் உயரத்தில் தொட்டி வைத்தால் 0.9 லீற்றர்தான் வரும். ஒரு மணி நேரம் என்பது இரண்டேகால் மணி நேரமாகும். குழாய் நீண்டால் கடைசிச் செடிகள் அதிலும் குறைவாகக் குடிக்கும். காய்ப்பருவத்தில் செடிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லீற்றர் வேண்டும். அதைச் சொட்டிக்குக் கீழே ஒரு தகரப்பேணி வைத்து அளந்து, முதற்செடியையும் கடைசிச் செடியையும் ஒப்பிடவேண்டும்.

மூன்றாவது, கேத்தலில் பிடித்த அதே வெள்ளைப் படை. வெயிலில் சூடாகும் கறுத்தக் குழாய்க்குள் கல்சியம் காபனேற்று படிந்து சொட்டியின் துளையை அடைக்கிறது. 120 கண்ணளவுள்ள வடி மண்துகளைப் பிடிக்கும். கரைந்து வரும் சுண்ணாம்பைப் பிடிக்காது. மாதம் ஒருமுறை ஐதரோகுளோரிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து விட்டு, கடைசிச் சொட்டியில் வரும் நீரின் pH என்ற அமில அளவு 4 ஆகும்வரை செலுத்தி, ஒருநாள் நிறுத்திவைத்து, பிறகு குழாய்களின் கடைமுடியைத் திறந்து நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். அளவு பார்க்க நிறம் மாறும் சோதனைத்தாள் போதும். அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் ஊற்றவேண்டும். அமிலத்துக்குள் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நமது கடின நீரில் பொசுபேற்றுப் பசளையைச் சொட்டுக்குழாயால் விடுவதும் அடைப்புக்குக் காரணமாகும்; அதை நடும்போதே மண்ணில் போட்டுவிடலாம்.

தூவல் முறை வெங்காயத்துக்குச் சரி. தக்காளி இலை நனைந்து கிடந்தால் வெளிறல் நோய்ப் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்ததாகும்.

தண்ணீர் விட்டாலும் வாடும் செடியை அடையாளம் காணத் தெரிந்திருக்கவேண்டும். மத்தியான வெயிலுக்குத் துவண்டு பின்னேரம் நிமிர்ந்தால் பயமில்லை. ஈரமண்ணில் நின்றும், இலை பச்சையாகவே தொங்கி, காலையிலும் நிமிராவிட்டால் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுகத்தை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்நூல்போல வெள்ளை இழை கீழே வடிந்தால் பற்றீரியா வாடல். சாலில் ஓடும் தண்ணீர் அந்தக் கிருமியை அடுத்தடுத்த செடிக்குக் கொண்டுபோகும். அந்தச் சாலின் இரண்டு பக்கத்தையும் அடைத்து, செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தி, அந்தச் சாலுக்கு இனி இறைக்காமல் விடுவதுதான் மற்றவற்றைக் காப்பாற்றும்.

கிணற்றின் சவரை நாக்கால் அறியும்போது தக்காளிக்கு ஏற்கனவே பிந்தியிருக்கும். நீரிலுள்ள உப்பைக் காட்டும் கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினாலே போதும். நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.7 டெசிசீமன்ஸ் வரை தக்காளி விளைச்சல் குறையாது. 2.3 இல் பத்திலொரு பங்கு போகும், 3.4 இல் கால்வாசி. 5 இல் பாதி. சொட்டுமுறையில் உப்பு ஈரவட்டத்தின் விளிம்பில் சேர்ந்து நிற்கும். ஒரு சிறு தூறல் அதை வேருக்குத் தள்ளிவிடும் என்பதால், தூறும்போது சொட்டியை நிறுத்தாமல் ஓடவிடவேண்டும். மண்ணில் சேரும் உப்பைக் கழுவவென்று தனியாக இறைக்கத் தேவையில்லை. ஐப்பசி மழை அதைச் செய்யும். மாசி பிறந்ததிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை, இறைக்கத் தொடங்கும்போதும் ஒரு மணி நேரம் இறைத்த பின்னும் அளந்து, திகதியோடு குறித்து வையுங்கள். இரண்டாவது அளவு முதலாவதைவிட ஏறிக்கொண்டு போனால் கிணறு அடியிலிருந்து உவரை இழுக்கிறது. அப்போது ஒரேயடியாக இறைக்காமல் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி என்று பிரித்து, நீர்மட்டம் ஏற இடைவேளை விட்டு, உறிஞ்சுகுழாயின் வாயை நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் கீழே வரும்படி உயர்த்திக் கட்டுங்கள்.